மூங்கில் கூடைக்குள் என்ன? டிம் சம்: வாசகர் கேள்வி – பதில்

ஹாங்காங் போகிறவர்கள் டிம் சம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் முதலிடம். வீட்டில் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கும் பதில் உண்டு.

டிம் சம் என்பது மோமோதானே? மெனு கார்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுகிறார்களே?
– வாசகர், அண்ணா நகர், சென்னை

'டிபன் என்பது இட்லிதானே?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதே பதில்தான். மோமோ ஒரு பண்டம். திபெத்திலும் நேபாளத்திலும் வேரூன்றியது. டிம் சம் என்பது தென்சீனத்தின் குவாங்தோங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் காலை முதல் பிற்பகல் வரை தேநீரோடு சாப்பிடும் சிற்றுண்டிகள் அத்தனைக்கும் பொதுப்பெயர். ஆவியில் வெந்தது, பொரித்தது, அடுப்பில் சுட்டது, கஞ்சி, இனிப்பு எல்லாம் அதில் சேரும். மாவுக்குள் பூரணம் வைத்த உருண்டைகள் அதில் ஒரு பகுதி மட்டுமே.

அந்த ஊர்க்காரர்கள் 'டிம் சம் சாப்பிடப் போகிறோம்' என்பதைவிட 'யம் சா' போகிறோம் என்றுதான் அதிகம் சொல்வார்கள். யம் சா என்றால் தேநீர் குடிப்பது. 'ஒரு கோப்பை, இரண்டு துண்டு' என்பது பழைய தேநீர்க்கடைகளின் வழக்கு. ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பலகாரமும் போதும், மீதி நேரம் பேச்சுக்கும் செய்தித்தாளுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பழக்கங்கள் பலவும் தானாகப் புரியும்.

நானும் கணவரும் முதல்முறையாகப் போகிறோம். அசைவம் சாப்பிடுவோம். எதைக் கேட்பது, எத்தனை கேட்பது?
– வாசகி, ஈரோடு

இரண்டு பேருக்கு நான்கு கூடைகளும் ஒரு தட்டு அரிசிச் சுருளும் போதும். ஒரு கூடையில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு உருப்படிகள் இருக்கும். சிறிதாகத் தெரிகிறதே என்று எட்டு கூடை சொல்லிவிட்டால், சமையலறை உங்களுக்காகக் காத்திராது. வெந்தது வெந்தபடி மேசைக்கு வந்துவிடும், நீங்கள் மூன்றாவதைத் திறக்கும்போது ஆறாவது ஆறிப்போயிருக்கும். முதலில் மூன்று சொல்லுங்கள். அவை பாதி முடியும்போது அடுத்த இரண்டைச் சொல்லுங்கள். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான்.

முதல் சுற்றில் ஹார் காவ், சியூ மாய், சார் சியூ பாவ் மூன்றும் இருக்கட்டும். ஹார் காவ் என்பது கண்ணாடி போன்ற மெல்லிய தோலுக்குள் முழு இறால். சியூ மாய் என்பது மஞ்சள் நிறத் தோலில், மேலே திறந்திருக்கும் பன்றி இறைச்சி – இறால் கலவை. சார் சியூ பாவ் என்பது இனிப்பும் உப்பும் கலந்த வாட்டிய பன்றி இறைச்சியைப் பொதிந்த வெள்ளை பன். அதன் தலை மூன்றாகவோ நான்காகவோ வெடித்திருக்கும். கெட்டுப்போனதல்ல, அப்படி வெடிக்க வேண்டும் என்றுதான் மாவில் பேக்கிங் பவுடரும் அம்மோனியம் பைகார்பனேட்டும் சேர்த்து, கடும் ஆவியில் வைக்கிறார்கள். வெடிக்காமல் வழுவழுவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டுச் சாப்பிடுங்கள். பலர் காகிதத்தோடு கடிக்கிறார்கள்.

இரண்டாம் சுற்றில் செங் ஃபன். அரிசிப்பாலைத் துணியிலோ தட்டிலோ மெல்லிதாகப் பரப்பி ஆவியில் வேகவைத்து, உள்ளே இறாலோ மாட்டிறைச்சியோ வைத்துச் சுருட்டுவது. துணி இட்லியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தெரியாது. சற்றே இனித்த சோயா சாஸை மேலே ஊற்றித்தான் தருவார்கள், கூடுதலாக ஊற்றாதீர்கள். கூடவே லோ பாக் கோ கேளுங்கள். வெள்ளை முள்ளங்கியைத் துருவி அரிசிமாவோடு வேகவைத்து, துண்டு போட்டு, தோசைக்கல்லில் சிவக்கச் சுடுவது போன்ற பண்டம். தமிழ் நாக்குக்கு உடனே பிடிப்பது அதுதான் என்பது எங்கள் கணிப்பு.

தாமரை இலையில் மடித்த பிசுபிசு அரிசிச் சோறு (லோ மாய் காய்) ஒரு பொட்டலமே ஒருவர் வயிற்றை நிரப்பும். இரண்டு பேராகப் போனால் அதைத் தவிர்த்துவிட்டு வேறு இரண்டு கூடை ருசிக்கலாம். கேட்டால், இலையை விரித்து உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும்.

கடைசியில் டான் டாட், மாவுக் கிண்ணத்தில் முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிச் சுட்டது. அல்லது லாவ் சா பாவ்: உப்பில் ஊறிய வாத்து முட்டை மஞ்சளும் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்து குளிரவைத்த உருண்டையைப் பன்னுக்குள் பொதிந்து வேகவைப்பார்கள், ஆவியில் உள்ளே குழம்பாக உருகியிருக்கும். நேராகக் கடித்தால் மேல் அண்ணம் வெந்துவிடும். பிய்த்து, ஆவி போகவிட்டு, பிறகு கடியுங்கள்.

சீட்டு எப்படி எழுதுவது? தள்ளுவண்டி வரும் என்கிறார்களே? பில்லில் கேட்காததெல்லாம் வருமா?
– வாசகர், திண்டுக்கல்

இப்போது பெரும்பாலான கடைகளில் சீட்டுதான். மேசையில் பெயர்ப் பட்டியல் அச்சிட்ட தாள் இருக்கும். வேண்டியதன் எதிரே எண்ணிக்கையை எழுதிப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். சீன எழுத்து மட்டும் இருந்தால் படம் போட்ட அட்டை கேளுங்கள். சுற்றுலாப் பகுதிகளில் அது கிடைக்கும். ஒவ்வொரு பண்டமும் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று வகை பிரிக்கப்பட்டிருக்கும். அது பண்டத்தின் அளவல்ல, விலைப் படி. 'சிறியது' என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு கூடை கேட்டுவிடாதீர்கள்.

வண்டி வழக்கம் குறைந்துவிட்டது. ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் சிட்டி ஹாலில் உள்ள மாக்ஸிம்ஸ் பேலஸில் இன்னும் வண்டி ஓடுகிறது. வண்டிக்கடையில் மேசைக்கென்று ஓர் அட்டை கொடுப்பார்கள். கூடையை எடுக்கும்போது அதில் முத்திரை குத்துவார்கள், கடைசியில் முத்திரையை எண்ணிப் பில். வண்டியில் வருவதை மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்கலாம், அதில் வெட்கம் வேண்டாம். வண்டி ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் ஆவி குறைந்திருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள குறை. சமையலறைக் கதவுக்கு அருகில் மேசை கிடைத்தால் விடாதீர்கள்.

கேட்காதது பில்லில் வரும், ஆமாம். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. குழந்தைக்கும் சில இடங்களில் போடுவார்கள். உட்கார்ந்ததும் வைக்கும் வேர்க்கடலையோ ஊறுகாயோ இலவசமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் பல கடைகள் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்க்கும். அதனால் டிப்ஸ் கட்டாயமில்லை.

நேரமும் பணம்தான். பிற்பகல் 2 மணிக்கு மேல் பல கடைகள் விலையைக் குறைக்கும், ஆனால் அதற்குள் சில வகைகள் தீர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை 11 மணியிலிருந்து 1 மணி வரை மூன்று தலைமுறையும் குடும்பத்தோடு வரும் நேரம். எண் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். பழைய கடைகளில் முன்பின் அறியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரவைப்பதும் சகஜம்.

தேநீரில் என்ன வகை கேட்பது? விரலால் மேசையைத் தட்டுகிறார்களாமே, எதற்கு?
– வாசகி, நாகர்கோவில்

உட்கார்ந்ததும் முதல் கேள்வியே 'என்ன தேநீர்?' என்பதுதான். பதில் சொல்லாமல் விழித்தால் பெரும்பாலும் போ லெய் வரும். அது கறுத்த, மண்வாசம் கொண்ட, புளித்துப் பதப்படுத்திய தேயிலை. கொழுப்பான பண்டங்களுக்கு அதுதான் பொருத்தம் என்பது அங்குள்ளவர்களின் எண்ணம். மண்வாசம் பிடிக்காவிட்டால் ஹியோங் பின் கேளுங்கள், மல்லிகைப்பூ மணம் ஏற்றியது. நடுவே நிற்பது டிட் குன் யம் எனும் ஊலாங். குழந்தைகள் இருந்தால் குக் ஃபா, அதாவது சாமந்திப்பூ நீர். அதில் காஃபின் இல்லை. போ லெய்யோடு சாமந்தியைக் கலந்து 'குக் போ' என்றும் தருவார்கள். பாலும் சர்க்கரையும் எதிலும் கிடையாது.

முதல் ஊற்றுத் தேநீரில் கோப்பை, கிண்ணம், சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அலசி, அதற்கென்று வைத்திருக்கும் பெரிய கிண்ணத்தில் கொட்டுவதைப் பக்கத்து மேசையில் பார்ப்பீர்கள். ஹாங்காங் பழக்கம். கிருமி சாகும் அளவுக்குச் சூடு நிற்காது, ஆனாலும் கை பழகியவர்கள் விடமாட்டார்கள். நீங்கள் செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ஊற்றும்போது மூத்தவருக்கு முதலில், தனக்குக் கடைசியில். உங்கள் கோப்பையில் ஒருவர் ஊற்றினால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். அது 'நன்றி'. மாறுவேடத்தில் போன சீனாவின் சியென்லொங் பேரரசர் தன் ஆளுக்குத் தேநீர் ஊற்றினார், காட்டிக்கொடுக்காமல் இருக்க அவன் மண்டியிடுவதற்குப் பதில் விரலை மடக்கினான் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வாய் நிறையப் பண்டம் இருக்கும்போது வசதியான பழக்கம். கெண்டியில் நீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம்: மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள், வந்து வெந்நீர் நிரப்புவார்கள். அதற்குத் தனிக் காசில்லை.

சுத்த சைவம். முட்டையும் சாப்பிடுவதில்லை. போகலாமா?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

சாதாரண டிம் சம் கடையில் உங்களுக்குத் தேநீர்தான் மிஞ்சும் என்று எதிர்பார்த்துப் போங்கள், ஏமாற்றம் இருக்காது. காரணம், இறைச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. முள்ளங்கிப் பண்டத்துக்குள் உலர்ந்த இறாலும் சீனத் தொத்திறைச்சியும் இருக்கும். சேப்பங்கிழங்கு வகையில் பொரித்த வூ கோக்கின் மாவிலேயே பன்றிக் கொழுப்பு. டான் டாட்டின் அடுக்கு மாவிலும் அது வரலாம். எள்ளுருண்டைக்குள் இருக்கும் பயறுப் பூரணத்தைக்கூடச் சில கடைகள் பன்றிக் கொழுப்பில் கிளறுகின்றன. சோயாத் தோல் சுருளுக்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சி. கீரையைக் கேட்டால் மேலே ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸ் ஊற்றி வரும். மாம்பழப் புட்டிங்கில் ஜெலட்டின்.

தப்பிக்க இரண்டு பண்டங்கள் உண்டு. ஒன்று 'சாய் செங்', பூரணமே இல்லாத வெறும் அரிசிச் சுருள், எள்ளும் சாஸும் தூவி வரும். மற்றது 'சா லெங்', நீளமாகப் பொரித்த மாவுத்தண்டை அரிசிச் சுருளில் சுற்றியது. இவற்றிலும் சாஸ் எதில் செய்தது, எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையான வழி, பௌத்த சைவ உணவகத்தைத் தேடிப் போவது. 'சாய்' (齋) என்ற எழுத்தை போனில் படமாக வைத்துக்கொண்டு தேடுங்கள். அங்கே இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டும் பெரும்பாலும் கிடையாது. முட்டை, பாலைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காளானும் தண்ணீர்க் கொட்டையும் (வாட்டர் செஸ்ட்நட்) வைத்த உருண்டைகள், காளான் பூரணம் வைத்த பாவ் எல்லாம் கிடைக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் 'இறைச்சி குறைவாக' என்று புரிந்துகொள்ளும் பணியாளர்கள் உண்டு; 'மீன், இறால், கோழிச்சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்' என்று பட்டியலாகவே சொல்லிவிடுங்கள்.

பன்றியிறைச்சி சாப்பிடாத முஸ்லிம்களுக்கு?
– வாசகர், கீழக்கரை

ஹாங்காங் வான் சாய் பகுதியில் ஒய் குவான் சாலைப் பள்ளிவாசல் கட்டடத்தின் 5-ஆம் மாடியில் இஸ்லாமிய மைய கான்டீன் இருக்கிறது. அங்கே ஹலால் டிம் சம் கிடைக்கும். பகல் உணவு வேளைக்குப் போங்கள், இரவுக்கு எதிர்பார்க்காதீர்கள். மற்ற கடைகளில் 'இறால் மட்டும்' என்று எழுதியிருந்தாலும் நம்பி உட்காராதீர்கள். ஹார் காவ் பூரணத்தில் மென்மைக்காகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

கோழிக்கால் சாப்பிடுவது எப்படி? அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், சேலம்

ஃபுங் சாவ் என்பார்கள், அதாவது பீனிக்ஸ் பறவையின் நகம். தோலும் நரம்பும்தான் அதில் இருப்பது, சதை இல்லை. கோழிக்காலை முதலில் எண்ணெயில் பொரித்து, உடனே குளிர்ந்த நீரில் போடுகிறார்கள். அப்போது தோல் உப்பிச் சுருங்கி, புலித்தோல் போல மடிப்பு விழும். அந்த மடிப்பில்தான் புளிக்கவைத்த கறுப்பு சோயாச் சாறு தங்கும். பிறகு மணிக்கணக்கில் குழைய வேகவைத்து, மேசைக்கு அனுப்பும் முன் மறுபடி ஆவி காட்டுகிறார்கள். கோழிக்காலின் ஒரு விரலை வாயில் வைத்துத் தோலை உறிஞ்சி எடுத்து, எலும்பை சாப்ஸ்டிக்கால் தட்டின் ஓரத்தில் வையுங்கள். கையால் பிடித்துக் கடிப்பது கடினம், தேவையும் இல்லை. ஆட்டுக்கால் சூப் ரசிகர்கள் முதல் முறையே பழகிவிடுவார்கள். மற்றவர்கள் நாலாவது கூடையாகக் கேட்கலாம், முதலாவதாக வேண்டாம்.

ஹார் காவ் நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கிவந்து வைத்தால் கல்லாகிவிடுகிறதே?
– வாசகி, சிங்கப்பூர்

சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது தோல் கிழியக் கூடாது, காகிதத்தில் ஒட்டவும் கூடாது. தோலின் ஊடே இறாலின் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். மடிப்பு குறைந்தது 7, கைதேர்ந்தவர்கள் 10-க்கு மேல் வைப்பார்கள். கடித்தால் இறால் 'மொறுக்' என்று உடைய வேண்டும். மசிந்துபோனால் பழைய இறால், அல்லது அதிகம் வெந்தது. ஒரு கடையின் தரத்தை இந்த ஒரு கூடையை வைத்தே எடைபோடலாம். சாஸ் தொடாமல் முதல் ஒன்றைச் சாப்பிடுங்கள்.

அதன் தோல் முழுக்க ஸ்டார்ச்சால் ஆனது. ஆறும்போது ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி இறுகி அடுக்காகும், நீரை வெளியேற்றும். ஆறிய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே சுட்டு, ஓரம் இறுகி விறைத்துவிடும். இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு 3 – 4 நிமிடம் ஆவியில் வைத்தால் பெரும்பகுதி மீளும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் கிடந்ததற்கு உத்தரவாதம் இல்லை.

வீட்டில் ஹார் காவ் செய்தேன். மைதாவில் செய்ததால் தோல் வெள்ளையாகவே இருந்தது. சோளமாவில் செய்தால் வெடிக்கிறது. எங்கே தவறு?
– வாசகி, காரைக்கால்

மைதாவில் உள்ள குளூட்டன் ஒளியை மறைக்கும், எவ்வளவு மெல்லிதாகத் தேய்த்தாலும் கண்ணாடியாகாது. வேண்டியது கோதுமை ஸ்டார்ச். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறோம் அல்லவா, அந்தப் பாலின் அடியில் தங்கும் வெள்ளையை உலர்த்தித் தூளாக்கினால் எப்படியோ, அப்படிப்பட்ட பொருள். சீனக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் கிடைக்கும். சோளமாவு மட்டும் போட்டால் இழுவிசை இல்லாமல் உடையும். மரவள்ளி ஸ்டார்ச்தான் அந்த இழுவையைத் தருவது.

சுமார் 30 உருப்படிகளுக்குக் கோதுமை ஸ்டார்ச் 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 50 கிராம், சிட்டிகை உப்பு, எண்ணெய் 2 தேக்கரண்டி, கொதிக்கும் நீர் 190 – 200 மில்லி. மரவள்ளியில் பாதியைக் கோதுமை ஸ்டார்ச்சோடும் உப்போடும் கலந்து, தளதளவென்று கொதிக்கிற நீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடி 5 நிமிடம் வையுங்கள். கொழுக்கட்டை மாவுக்குச் செய்கிற அதே வேலை. கெட்டிலில் கொதித்து ஐந்து நிமிடம் ஆன நீர் உதவாது. நீர் கொதிநிலையில் இல்லாவிட்டால் ஸ்டார்ச் வேகாது, பிசைந்ததும் பொடிப்பொடியாக உதிரும். உங்கள் தோல் வெடித்ததற்கும் இதுவே முதல் சந்தேகம். பிறகு மீதி மரவள்ளி, எண்ணெய் சேர்த்து வழுவழுப்பாகும் வரை பிசையுங்கள். ஈரத்துணியால் மூடி, ஒவ்வொரு உருண்டையாகவே வெளியே எடுங்கள். இரண்டு நிமிடம் திறந்து கிடந்தால் மேலே தோல் காய்ந்து மடிப்பில் பிளக்கும்.

10 – 11 கிராம் உருண்டையை எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாள்களின் நடுவே வைத்து, அடி தட்டையான பாத்திரத்தால் அழுத்தி 7 – 8 சென்டிமீட்டர் வட்டமாக்குங்கள். சீனச் சமையல்காரர்கள் அகலக் கத்தியின் பக்கவாட்டால் ஒரே தேய்ப்பில் செய்வது இதைத்தான். மாவு தூவித் தேய்க்க வேண்டாம், மடிப்பு ஒட்டாது.

பூரணத்துக்கு, ஓடு நீக்கிய இறால் 300 கிராம். உப்பும் ஒரு கரண்டி ஸ்டார்ச்சும் போட்டுப் பிசறி, ஐஸ் நீரில் அலசி, துணியில் சொட்டு நீர் இல்லாமல் ஒற்றியெடுங்கள். ஈரம் நின்றால் உள்ளே குளம் கட்டித் தோலைக் கிழிக்கும். மூன்றில் ஒரு பங்கைக் கொத்தி, மற்றதைத் துண்டாக்கி, மூங்கில் குருத்து 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, ஸ்டார்ச் 1 மேசைக்கரண்டி சேர்த்து ஒரே திசையில் ஒட்டும் பதம் வரும்வரை கிளறி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய்தான் போடுவார்கள். நம் செக்கு நல்லெண்ணெய் மணத்தில் வேறு, ஆனால் பாதகமில்லை. பன்றிக் கொழுப்பு சேர்க்காததால் சற்று வறண்டிருக்கும். அதற்கு இன்னொரு கரண்டி எண்ணெய் போடலாம்.

தட்டில் வாழையிலையை வைத்து எண்ணெய் தடவி, இடைவெளி விட்டு அடுக்கி, முழு ஆவியில் 5 – 6 நிமிடம். இட்லிப் பாத்திரத்தின் உலோக மூடியில் திரளும் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால் தோல் அங்கங்கே கூழாகிவிடும். மூங்கில் மூடி அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அதனால்தான் மூங்கில் கூடை. உங்களிடம் உலோக மூடி இருந்தால் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு மூடுங்கள். இறக்கியதும் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தொட்டால் தோல் பிசுபிசுத்துக் கையோடு வரும்.

மலேசியாவில் காலையில் வாங்கும் பாவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், ஈப்போ

ஒன்றே. குவாங்தோங் வழிவந்த கான்டனீஸ்காரர்கள் நிறைந்த உங்கள் ஊரில் டிம் சம் காலை உணவு, விடியற்காலையே கடை திறந்துவிடும். சிவப்புப் பயறு பாவ் சைவம்தானே என்று நினைப்பவர்கள் பூரணத்தில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாது. ஸ்பூன் கேட்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக. ஸ்பூனும் முள்கரண்டியும் தருவார்கள். பாவைக் கையால் பிய்த்துச் சாப்பிடுவதில் அங்கும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மேசையில் இரண்டு நிறத்தில் சாப்ஸ்டிக் இருந்தால் ஒன்று பொதுக் கூடையிலிருந்து எடுக்க, மற்றது உங்கள் வாய்க்கு, மாற்றிவிடாதீர்கள். இன்னொன்று: சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றி வைப்பது போலத் தோன்றும் என்பதால் பக்கத்து மேசைப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.